பெயின்ட்டுக்கு அடியில் ஓர் எண்

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கதை வாசிப்போம். உத்திரமேரூர் போன்ற ஊரில் அதற்கு மேல் ஆள் சேராது. சேர்ந்தால் அது இலக்கியக் கூட்டமாகவும் இருக்காது. சென்ற கூட்டத்தில் முதுகலை படிக்கும் மாணவன் ஒருவன் தன் சிறுகதையை வாசித்தான். பணி ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் கதையின் நாயகர். இருபது ஆண்டுகள் தாம் தோளில் சுமந்த .410 மஸ்கட்டைப் பற்றி அவர் பேசுகிறார். ஓரிடத்தில் அந்தத் துப்பாக்கியின் எண்ணைச் சொல்கிறார். சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

வாசித்து முடித்ததும் சிற்றிதழ் ஒன்றோடு தொடர்புடைய நண்பர் முதலில் பேசினார். என்னைவிட அதிகம் படித்தவர், நல்ல ரசனை உள்ளவர். அந்த எண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார். துப்பாக்கி என்றால் துப்பாக்கிதான், எந்த எண்ணாக இருந்தால் வாசகனுக்கு என்ன, இதெல்லாம் காவல் நிலைய ரைட்டர் எழுத வேண்டியது, கதாசிரியன் எழுத வேண்டியதல்ல என்றார். இன்னொன்றும் சொன்னார். ஓர் ஆயுதத்தை இவ்வளவு நுணுக்கமாக வர்ணிப்பது வன்முறையின் மீது கொண்ட மோகம், அமெரிக்கர்களின் வியாதி, அது நமக்கு வேண்டாம் என்றார். சிலர் தலையாட்டினார்கள். மாணவன் பேனாவை எடுத்து அந்த வரியை அங்கேயே அடித்தான்.

அன்று நான் அதிகம் பேசவில்லை. கூட்டத்தில் உடனே பதில் சொல்ல எனக்கு வராது. இப்போது சொல்கிறேன். நண்பர் சொன்னது தவறு. இலக்கியத்தில் மட்டுமல்ல, வெளியிலும் தவறு. எண்ணை அடிக்கும் அந்தப் பேனா நம் சமூகத்தில் பல கைகளில் இருக்கிறது. சிலருடைய கையில் அது பெயின்ட் பிரஷ்ஷாக இருக்கிறது.

முதலில் அந்த மஸ்கட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நாற்பது வயதைக் கடந்த எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். கருவூல வாசலில், தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில், கோயில் திருவிழாவில், தோளைவிட உயரமாக ஒரு மரக்கட்டை போல நின்றிருக்கும். அதன் உடம்பு .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளின் உடம்பு. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் அந்த ரைஃபிளை எடுத்து, உள்ளே புரிகள் இல்லாத வழவழப்பான .410 குழலாக மாற்றினார்கள். பத்துத் தோட்டா கொள்ளும் இடத்தில் மரக்கட்டையைச் செருகி அடைத்தார்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. சுட்டபின் திறந்து, கையால் அடுத்ததைப் போட வேண்டும். சிறந்த போர்த் துப்பாக்கி ஒன்றை வேண்டுமென்றே மோசமாக்கினார்கள்.

ஏன்? 1857. அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு பீரங்கிகளை முடிந்தவரை ஐரோப்பியர் கையிலேயே வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. சுதேசிச் சிப்பாய்களுக்கு புரியிட்ட என்ஃபீல்டின் உட்புறத்தை வழித்துச் சமமாக்கிய துப்பாக்கிகள் தரப்பட்டன. அதன் பிறகும் பல பத்தாண்டுகள், வெள்ளைச் சிப்பாயின் ஆயுதத்துக்கு ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதமே இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்தது. போலீஸ்காரனுக்கு அதைவிடக் கீழானது. அவன் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். ஆனால் ஒருநாள் அவனே கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால் அவன் கையில் இருப்பது ராணுவத்தை எதிர்க்க உதவக்கூடாது. .410 மஸ்கட் இந்த ஐயத்தின் பொருள்வடிவம். தன் காவலனையே நம்பாத அரசு அவன் கையில் கொடுத்த ஆயுதம் அது.

அதன் மேல் என்ன வெட்டியிருக்கிறது என்று நண்பர் என்றாவது பார்த்திருப்பாரா? கட்டையும் இரும்பும் சேருமிடத்தில் இரும்பு வளையத்தின் பக்கவாட்டில் இஷாப்பூர் தன் முத்திரையை இடும். பழைய துப்பாக்கியானால் மேலே பிரிட்டிஷ் முடி, கீழே ஜி.ஆர்.ஐ. என்று மன்னரின் எழுத்துகள், ஆண்டு. விடுதலைக்குச் சில ஆண்டுகள் கழிந்து செய்ததானால் முடி இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள், கீழே ஆர்.எஃப்.ஐ. என்று தொழிற்சாலையின் எழுத்துகள். ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு இயந்திரங்கள், பெரும்பாலும் அதே தொழிலாளர்கள். மாறியது ஒரு முத்திரை. மரம் அடைத்த பெட்டி மாறவில்லை. இந்திய விடுதலை எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பனுவல் ஒன்றை எனக்குக் காட்டுங்கள். முடி போய்ச் சிங்கம் வந்த பிறகும் காவலனை நம்பாத அந்தத் துப்பாக்கி நம் கருவூல வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தது.

பிரிட்டிஷாரின் துப்பாக்கி முத்திரைகள் தனி மொழியாகவே வளர்ந்தவை. அரசுடைமை என்பதற்கு அம்புக்குறி. இந்தியாவுக்கானதென்றால் அதன் கீழ் ஆங்கில ஐ எழுத்து. பயிற்சிக்கு மட்டும், சுடக்கூடாது என்றால் டி.பி. தேசிய மாணவர் படையில் அணிவகுத்தவர்கள் இந்த இரண்டு எழுத்துகளையும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். பணியிலிருந்து விற்று நீக்கப்பட்டதானால் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நிற்கும். கடைசியாகச் சொன்னதை கவனியுங்கள். விற்கும்போதும் அவர்கள் பழைய அம்பை அழிக்கவில்லை. எதிரே இன்னோர் அம்பை வெட்டினார்கள். இது எங்களுடையதாக இருந்தது, இப்போது இல்லை என்ற இரண்டு வாக்கியங்களும் இரும்பில் இருக்கும். திருடிய அரசுதான், கொள்ளையடித்த அரசுதான். ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த அரசு.

இதெல்லாம் தமிழ் படித்தவனுக்குப் புதிதா என்ன? நம்மிடம் இல்லாத முத்திரையா? சோழர் செப்பேட்டு வளையத்தில் புலியும் கயலும் வில்லும் சேர்ந்து அமர்ந்திருக்கும். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்குத் திருவாழிக்கல். மாட்டுக்குச் சூடு. அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டியிருக்கிறதே. கல்யாணத்துக்குப் பெண்ணுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பாத்திரத்திலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்கள். பழசைப் போட்டுப் புதுசு வாங்கும் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். யாரோ ஒரு பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளைத் தவலை எடைத் தட்டில் ஏறும். கடைக்காரருக்கு அது பித்தளை, இத்தனை கிலோ. எனக்கு அந்தக் கடை வாசலைத் தாண்டிப் போவது எப்போதும் கஷ்டமாக இருக்கும்.

அமெரிக்காவில் போலீஸ் துப்பாக்கிகள் இதே முறையில்தான் கைமாறுகின்றன. புதிய கைத்துப்பாக்கி வாங்கும் காவல் துறை, பழையவற்றை வியாபாரியிடம் கொடுத்து விலையில் கழித்துக்கொள்கிறது. நம் பாத்திரக்கடைக் கணக்கேதான். வியாபாரி அவற்றைப் பொதுமக்களுக்கு விற்கிறார். சட்டப்படியான வியாபாரம். ஸ்லைடில் ஊரின் பெயரோ துறையின் சுருக்கெழுத்தோ இருந்தால் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். சில துறைகள் கொடுக்கும் முன் தம் அடையாளத்தை அரைத்து நீக்கிவிடுகின்றன. தொழிற்சாலை இட்ட வரிசை எண்ணை மட்டும் யாரும் தொடக்கூடாது. 2024ஆம் ஆண்டில் தி டிரேஸ், சி.பி.எஸ்., ரிவீல் ஆகிய மூன்று செய்தி நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய புலனாய்வு ஒன்று வெளிவந்தது. 2006 முதல் 2022 வரை, ஒரு காலத்தில் போலீஸாரிடம் இருந்த துப்பாக்கிகள் 52,000க்கும் மேல் குற்றம் நடந்த இடங்களில் கிடைத்திருக்கின்றன. அரசாங்கமே சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகத் தெருவில் இறக்கிய துப்பாக்கிகளும் அதில் அடக்கம்.

நண்பர் சொன்ன அமெரிக்க வியாதி இதுதான் என்றால், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வியாதி எது என்பதில் நாங்கள் வேறுபடுகிறோம். எண்ணைக் கவனிப்பது வியாதியல்ல. துப்பாக்கியை விற்பது வியாதி. இந்த 52,000 என்ற கணக்கு நமக்கு எப்படிக் கிடைத்தது? ஒவ்வொன்றிலும் எண் இருந்ததால். எண்ணை வைத்துப் பின்னோக்கி நடந்தால் வியாபாரி, அவருக்கு முன் போலீஸ் நிலையம் என்று வழி தெரிந்ததால். எண் இல்லையென்றால் அது வெறும் துப்பாக்கி, கொலை நடந்த இடத்தில் கிடந்த இரும்பு. துறையின் பெயரை அரைத்து நீக்கும் காவல் அதிகாரி எதை விரும்புகிறாரோ, நண்பரும் தம்மை அறியாமல் அதையே விரும்புகிறார்.

இந்தியாவில் அப்படி விற்பதில்லை என்று நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். .303, 9 எம்.எம். போன்ற படைத்துறைக் குழல்கள் சாமானியருக்குத் தடை செய்யப்பட்டவை. போலீஸின் பழைய ஆயுதம் கடைக்கு வராது. (சுங்கத் துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் விற்கப்பட்ட கதை தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. அது வேறு கதை. ஆனால் முற்றிலும் வேறு கதையும் அல்ல.) நம்முடைய வியாதி விற்பது அல்ல, மறப்பது.

லாகூரில் 1928 டிசம்பர் 17 அன்று போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட பகத்சிங்கின் கைத்துப்பாக்கி எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்காவில் செய்த .32 கோல்ட், எண் 168896. வழக்கு ஆவணத்தில் அந்த எண் இருந்தது. வழக்கு முடிந்தபின் துப்பாக்கி பஞ்சாபின் பில்லௌர் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. நாடு இரண்டானது. 1969இல் அங்கிருந்து வேறு சில ஆயுதங்களோடு இந்தூரில் இருந்த எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அது பழைய பிஸ்டல் ஒன்று. பாடத்துக்கு உதவும் மாதிரி. துருப்பிடிக்காமல் இருக்க மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் அடித்திருப்பார்கள். நம் நாட்டில் பெயின்ட் எப்போதும் நல்ல எண்ணத்தோடுதான் அடிக்கப்படுகிறது.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தத் துப்பாக்கி அப்படியே இருந்தது. ஊர் ஊராகப் பகத்சிங்குக்குச் சிலை வைத்தோம். தொப்பி வைத்த படத்தை ஆட்டோவின் பின்னால் ஒட்டினோம். 2002ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் பகத்சிங்கைப் பற்றிப் பல இந்திப் படங்கள் வந்தன. அந்தப் படங்களில் நடிகர்கள் ஏதோ ஒரு துப்பாக்கியால் சுட்டார்கள். நண்பர் சொன்னதுபோல, எந்தத் துப்பாக்கியாக இருந்தால் என்ன? பிறகு பஞ்சாபைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஒருவர் பழைய ஆவணங்களின் வழியே அந்த எண்ணைத் தேடிக்கொண்டு போனார். இந்தூரில் ஆயுதங்களின் பெயின்ட்டைச் சுரண்டினார்கள். எண் தெரிந்தது. 168896. 2017இல் அது பஞ்சாபின் உசைனிவாலாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பகத்சிங்கும் தோழர்களும் எரிக்கப்பட்ட மண் அது.

இதில் யாரைப் பாராட்டுவது? பெயின்ட்டைச் சுரண்டியவர்களைக் கட்டாயம் பாராட்ட வேண்டும். ஆனால் அவர்களுக்கும் முன்னால் வேறு இருவரைப் பாராட்டுவேன். தொழிற்சாலையில் அந்த ஆறு எண்களை இரும்பில் அழுத்தி வெட்டிய பெயர் தெரியாத தொழிலாளி. லாகூரில் அந்த எண்ணைத் தவறில்லாமல் வழக்குக் கட்டில் எழுதி வைத்த பெயர் தெரியாத எழுத்தர். தூக்கில் போடவே அவர் அதை எழுதினார். எழுதியதால்தான் தூக்கிலிடப்பட்டவனின் பொருள் நமக்கு மீண்டும் கிடைத்தது. காவல் நிலைய ரைட்டர் எழுத வேண்டியது என்று நண்பர் இளக்காரமாகச் சொன்னாரே, அந்த ரைட்டருக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

காந்தியைச் சுட்ட பெரெட்டாவுக்கும் எண் உண்டு, 606824. இத்தாலியில் 1934 மாதிரியாகச் செய்தது, குவாலியரில் கோட்சேயின் கைக்கு வந்தது. எண் ஆறு இலக்கமும் கச்சிதமாக நம்மிடம் இருக்கிறது. இத்தாலியப் படைக்கும் குவாலியருக்கும் இடையில் அது எந்தெந்தக் கைகளில் இருந்தது என்ற கேள்விக்குத்தான் இன்றும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எண் மட்டும் போதாது, எண்ணைப் பின்தொடரும் பேரேடும் வேண்டும் என்பதை இந்தத் துப்பாக்கி சொல்கிறது.

பேரேடு என்றதும் எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறேன். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டுகளைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. முதலாம் பராந்தகனின் 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு, குடவோலை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். மேடையேறும் எவரும் உலகின் முதல் மக்களாட்சி என்கிறார்கள். பிராமணர் ஊர்ச்சபை அது. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் கேட்டது. பெண்ணுக்கும் உழுதவனுக்கும் அதில் ஓலை இல்லை. இதை மேடையில் யாரும் சொல்வதில்லை, நான் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கல்லில் எனக்கு உண்மையில் பெரிதாகப் படுவது குடமும் அல்ல, ஓலையும் அல்ல. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக்கூடாது. கணக்குக் காட்டாததைத் திருட்டுக்கு நிகரான குற்றமாக, குடும்பத்தையே ஒதுக்கிவைக்கும் குற்றமாக வைத்த ஊர் இது. அதைக் கல்லில் வெட்டினார்கள். ஓலையில் எழுதினால் கிழித்துவிடுவார்கள் என்று தெரிந்திருக்கும்.

கல்லையும் விடவில்லை நாம். திருப்பணி என்ற பெயரில் எத்தனை கோயில்களில் மணல் வீச்சு முறையால் கல்லின் மேல்தோலையே உரித்தார்கள்! எழுத்து மழுங்கிப் போனது. அறநிலையத் துறை தடை விதித்த பிறகும் அது ஒரே நாளில் நிற்கவில்லை. சுண்ணாம்பு, பிறகு எனாமல் பெயின்ட், பிறகு கிரானைட் பதிப்பு. எங்கள் மண்டபம் தொல்லியல் துறையிடம் இருப்பதால் பிழைத்தது. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஊர்க் கோயில்களில் நான் சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறேன். பெயின்ட்டுக்கு அடியில் எழுத்து விரலுக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. உபயதாரர் பெயர் மட்டும் சிவப்பில் பளிச்சென்று இருக்கும்.

இந்தூரில் நடந்ததும் இதுதானே? கல்லானாலும் இரும்பானாலும் நமக்கு அடியில் இருப்பதைவிட மேலே பளபளப்பது முக்கியம்.

பழைய வரலாறு போகட்டும். 2020 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, திருவனந்தபுரத்துச் சிறப்பு ஆயுதப் படையில் 25 இன்சாஸ் ரைஃபிள்களும் 12,061 தோட்டாக்களும் காணவில்லை என்றது. நாடே அதிர்ந்தது. பிறகு குற்றப்பிரிவு ரைஃபிள்களை வரிசையாக வைத்து எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எதுவும் தொலையவில்லை, பதிவேடுதான் சரியில்லை என்றது. தோட்டாக்களின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. ரைஃபிளுக்கு எண் உண்டு, தனித்தனித் தோட்டாவுக்குக் கிடையாது என்ற ஒரே வேறுபாட்டை இங்கே கவனிக்கலாம். 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் மணிப்பூர்ப் போலீஸின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஏறத்தாழ 6,000 ஆயுதங்கள் கொள்ளை போயின. 2025 பிப்ரவரியில் ஆளுநர் கெடு விதித்துத் திருப்பிக் கேட்டார். ஒரு பகுதி வந்தது. வந்தவற்றில் எது போலீஸுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரிப்பதற்கு முத்திரையையும் எண்ணையும் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

இதற்கெல்லாம் மேலான காரணம் ஒன்று உண்டு. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். போலீஸ் துப்பாக்கியின் எண், போலீஸிடமிருந்து நம்மைக் காக்கும் எண். 2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது; காவல் துறையைக் கடுமையாகக் குறை சொன்னது. இப்படியான ஒவ்வொரு விசாரணையும் கடைசியில் மூன்று கேள்விகளில் வந்து நிற்கும். எந்தத் துப்பாக்கி? அன்று அது யார் பெயரில் வழங்கப்பட்டிருந்தது? எத்தனை தோட்டா போனது, எத்தனை திரும்பியது? போலீஸ் மோதல் சாவுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்த நெறிகளில், சம்பந்தப்பட்ட காவலர்கள் தம் ஆயுதங்களைத் தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஒப்படைக்கப்பட்டது அந்தத் துப்பாக்கிதான் என்று எப்படித் தெரியும்? எண்தான் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவில், துப்பாக்கியின் பெயரையோ எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம் என்கிறது. சட்டம் இயற்றியவர்களுக்கு இருந்த இந்தச் சிறு நுண்ணுணர்வு நம் சிற்றிதழ் விமர்சகர்களுக்கு வேண்டாமா?

வன்முறை மோகம் என்ற குற்றச்சாட்டுக்கும் வருகிறேன். மோகம் வேண்டுமானால் நம் சினிமாவில் பாருங்கள். நாயகனின் கைத்துப்பாக்கியில் முப்பது தோட்டா சுட்டாலும் தீராது. அதற்கு எண் கிடையாது, பேரேடு கிடையாது, காலையில் கையெழுத்திட்டு வாங்கி மாலையில் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஏட்டு கிடையாது. அதனால்தான் அதில் மோகம் வருகிறது. எண் வந்ததும் மோகம் போய்விடும். இந்தத் துப்பாக்கி, இந்த மனிதன், இந்த நாள் என்று ஆனதும் கொலை கொலையாகிவிடும். ஆயுதத்தைப் புராணமாக்குவது பொதுப்பெயர். அதை மண்ணுக்கு இறக்குவது எண். நம் புனைகதைகளில் துப்பாக்கி பெரும்பாலும் பொதுப்பெயராகவே வந்து போவதை நான் ஒரு குறையாகவே நினைக்கிறேன். ஒரு மரத்தின் பெயரைப் பொதுவாக ‘மரம்’ என்று எழுதினால் சண்டைக்கு வரும் விமர்சகர், மனிதனைக் கொல்லும் கருவியை மட்டும் பொதுவாக எழுதச் சொல்கிறார்.

என்ன வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது. இங்கேயும் மஸ்கட்டும் .303ம் கிடங்குக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, உருக்கப்படும். உருக்கட்டும். ஒன்றுகூட விற்கக் கூடாது, எவருக்கும் பரிசாகத் தரவும் கூடாது. ஆனால் உலைக்குப் போகும் முன் ஒவ்வொன்றின் எண்ணும் முத்திரையும் ஆண்டும், எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதும் எழுதப்பட வேண்டும். அந்தப் பட்டியல் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்தேனும் ஆய்வு மாணவன் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வகைக்குச் சில, குழலை அடைத்துச் சுட முடியாதபடி செய்து, பெயின்ட் அடிக்காமல், வார்னிஷ் தடவாமல், முத்திரை தெரியும் பக்கம் நம்மை நோக்கி இருக்கும்படி வைக்கப்பட வேண்டும். எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் திறந்த காவல் அருங்காட்சியகம் இருக்கிறது, கோவையில் ஒன்று இருக்கிறது. இடத்துக்குக் குறைவில்லை. எந்தத் துப்பாக்கி எந்த ஊரில் எந்த நாளில் மக்களை நோக்கிச் சுட்டது என்று தெரிந்தால், அதையும் பக்கத்தில் எழுதி வைக்கும் துணிவு வேண்டும். அது வராது என்று தெரியும். கேட்டு வைக்கிறேன்.

மாணவனை அடுத்த வாரம் கல்லூரியில் பார்த்தேன். அந்த வரி எங்கே என்று கேட்டேன். “எடுத்துட்டேன் சார், பழைய படியும் இல்லை” என்றான். எண் நினைவிருக்கிறதா என்றேன். இல்லை என்றான். கதையில் வரும் ஏட்டு, அவன் ஊரில் நிஜமாகவே இருப்பவர். மறுபடியும் போய்க் கேட்டிருக்கிறான். எண்பதை நெருங்கும் மனிதர், காது சரியாகக் கேட்காது. இரண்டு முறை உரக்கக் கேட்ட பிறகு, யோசிக்காமல் எண்ணைச் சொன்னாராம். உடனே இன்னொரு எண்ணையும் சொன்னாராம். அது அவருடைய பி.சி. நம்பர். இரண்டையும் சேர்த்துத்தான் அவருக்குச் சொல்ல வந்தது. “இது எதுக்கு தம்பி இப்போ? யாராச்சும் கேட்டாங்களா?” என்று பயந்துபோய்க் கேட்டாராம்.

கதையில் இப்போது இரண்டு எண்களும் இருக்கின்றன. நான் இங்கே எழுதப் போவதில்லை. நண்பரின் இதழுக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.